மூன்றாவது ஆள்

எங்கள் சமையலறைக்கும் பட்டாபிராமன் சாரின் பூஜை அறைக்கும் நடுவில் ஒரே சுவர். பில்டர் செங்கல்லில் கஞ்சத்தனம் பார்த்துவிட்டதால், அந்த வீட்டுச் சங்கதிக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நின்றால் போதும். என் கணவர் ஜோசப்ராஜ் இதை ஒட்டுக்கேட்பது என்பார். பூனாவில் லோஹேகாவ் ரோட்டில், தலைக்கு மேல் போர் விமானம் பறக்கிற வீட்டில் இருந்துகொண்டு, கேட்கிறதைக் கேட்காதே என்றால் எப்படி?

பல வருஷமாக அந்தச் சுவர் வழியாகக் காலையில் சுப்ரபாதம் வரும். எங்கள் ஜெபமும் அந்தப் பக்கம் போயிருக்கும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. சார் ராணுவக் கணக்கு ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள், சுப்ரபாதம் முடிந்ததும் மணிச்சத்தம் ஒன்று கேட்டது. கோயில் மணி இல்லை. வெண்கலக் கிண்ணத்தை யாரோ மெதுவாகத் தட்டின மாதிரி, நீளமாக. அப்புறம் பேச்சு மூச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மணி. மறுபடி அமைதி. மனுஷன் உள்ளே விழுந்து கிடந்து கிண்ணத்தைத் தட்டுகிறாரோ என்று எனக்குப் பதறிவிட்டது. கதவைத் தட்டினேன். சாரின் மனைவி பாமா வாயில் விரலை வைத்துக்கொண்டு திறந்தாள்.

"தியானம் பண்றார், ஈனிட். போன்ல மணி அடிக்கும், அஞ்சு தடவை. அது முடியற வரைக்கும் நான் மிக்ஸி போடப்படாது."

தியானம் வந்த கதைக்கு முன்னால் மாதவ் போன கதையைச் சொல்லியாக வேண்டும். மாதவ் அவர்களுடைய ஒரே மகன். ஹடப்சரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த சுஷ்மா சோனவணேயைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான். சுஷ்மா வீட்டார் விஷ்ராந்த்வாடிக்காரர்கள். பாபாசாகேப் காட்டிய வழியில் தாத்தா காலத்திலேயே பௌத்தர்கள் ஆனவர்கள். சார் ஜாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. அதற்கு நானும் சுவரும் சாட்சி. 'கல்ச்சர்' என்றார். 'ஃபுட் ஹாபிட்ஸ்' என்றார். நாளைக்குக் குழந்தைகளுக்குக் குழப்பம் என்றார். கடைசியில் மாதவ், "ஒரு வார்த்தையைச் சொல்லாம இருக்கறதுக்கு எத்தனை வார்த்தைப்பா?" என்று கேட்டான். பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாணத்துக்குச் சார் போகவில்லை. பாமாவையும் விடவில்லை. அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது, நீயும் அவனைப் போய்ப் பார்க்கக் கூடாது, பார்த்தால் திரும்பி இங்கே வராதே என்று சொல்லிவிட்டார். போனில் கல்யாண ஃபோட்டோக்கள் வந்தபோது ஒன்றைக்கூடத் திறக்காமல் மகனுடைய நம்பரையே பிளாக் செய்தார். சம்பந்தி அம்மாளின் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட மறுத்துவிட்டார். பாமா எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை. ஆனால் மத்தியானம் சார் கண் அசந்ததும் கருவேப்பிலை கேட்கிற சாக்கில் என் சமையலறைக்கு வந்துவிடுவாள். என் போனில் மாதவோடு வீடியோவில் பேசுவாள். எங்கள் வீட்டுக் கருவேப்பிலை மட்டும் ரசத்தில் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கே தலைமுடி முழங்கால் வரை வளர்ந்திருக்கும்.

அந்த வீடியோவில் மாதவுக்குப் பின்னால் சில நாள் ஓர் அம்மாள் வந்து கைகூப்புவார். தடித்த கண்ணாடி, மோவாயில் ஒரு மச்சம், சிரித்தால் கண் மறைந்துவிடும். சுஷ்மாவின் அம்மா, லீலா. முனிசிபல் ஸ்கூலில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். புருஷன் இல்லை, விஷ்ராந்த்வாடியில் மகளோடும் மருமகனோடும்தான் இருந்தார். பாமாவும் அவரும் ஹிந்தியில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டீர்களா, முழங்கால் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

மகனைத் துரத்திய பிறகு சாருக்குத் தூக்கம் போயிற்று. பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரையோடு தியானமும் எழுதிக்கொடுத்தார். பாங்க்கிலிருந்து ரிட்டயர் ஆன சுப்ரமணியன் என்கிற சினேகிதர் அவரை ஒரு பௌத்த தியான மையத்துக்குக் கூட்டிப் போனார். அது எங்கே இருந்தது தெரியுமா? விஷ்ராந்த்வாடியில். பூனாவில் உட்கார்ந்து கண்ணை மூட வேறு இடமே இல்லையா என்று நான் பாமாவிடம் கேட்டேன். அங்கேதான் ஸ்கூட்டர் நிறுத்த இடம் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. பாமாவும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாருக்கு அந்த மையம் பிடித்துப்போயிற்று. கடவுள் இல்லை, சடங்கு இல்லை, எல்லாம் சயின்டிஃபிக் என்று லிஃப்ட்டில் என்னிடமே பிரசங்கம் செய்தார். அதைச் சொன்னபோது நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் இருந்தது. அந்த மையத்தில் கீழ் ஹாலில் புத்தர் சிலையும் பாபாசாகேப் படமும் இருக்கும். அக்கம்பக்கத்து ஜனங்கள் வெள்ளை உடுத்தி, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து வந்தனை சொல்வார்கள். மாடி ஹாலில் மெத்தை போட்டுத் தியானம். சார் கீழ் ஹாலுக்குள் நுழையாமல் பக்கவாட்டுப் படி வழியாக நேரே மாடிக்குப் போய்விடுவார். பக்தி கீழ்த்தளம், தியானம் மேல்தளம் என்று அவராகவே பிரித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கிற நேரத்தில், எல்லோரையும் சந்தோஷப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "எங்க பெருமாளோட ஒன்பதாவது அவதாரம்தானே உங்க புத்தர்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாத பேச்சு. அப்படி நம்ப மாட்டோம் என்று சபதம் செய்து பௌத்தர் ஆனவர்கள் அவர்கள். ஓர் இளைஞன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டானாம். அப்போது வெள்ளைப் புடவை கட்டிய வயதான ஓர் அம்மாள் பிஸ்கட் தட்டைச் சார் பக்கம் நகர்த்தி, இதை முதலில் சாப்பிடுங்கள், புத்தர் எங்கும் ஓடிவிட மாட்டார் என்றாராம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சார் சொன்னது இவ்வளவுதான்: "அங்க மாவ்ஷின்னு ஒருத்தி இருக்கா. மெத்தையெல்லாம் எடுத்துப் போடுவா. பிஸ்கட் குடுத்தா."

மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. மையத்தில் எல்லோரும் அந்த அம்மாளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சம்பளத்துக்கு வைத்த ஆள் என்று சார் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த ஐந்து மணிச்சத்தத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்லிக்கொடுக்கிற தியானத்துக்கு மைத்ரி பாவனை என்று பெயர். ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஆளை மனதில் நிறுத்தி, நன்றாக இரு, நோயில்லாமல் இரு என்று நினைக்க வேண்டும். முதல் மணிக்குத் தன்னை. இரண்டாவதுக்கு, தனக்குப் பிரியமான ஒருவரை. மூன்றாவதுக்குப் பிடித்தவரும் இல்லை, பிடிக்காதவரும் இல்லை என்கிற மாதிரி, முகம் மட்டும் தெரிந்த ஒருவரை. நாலாவதுக்கு, கண்டாலே ஆகாத ஒருவரை. ஐந்தாவதுக்கு உலகத்தையே. வேதக் கோயிலில் எங்களுக்கும் சத்துருவைச் சிநேகி என்று சொல்லித்தான் இருக்கிறார்கள். நாங்கள் அதை மணி அடித்துச் செய்வதில்லை. அடித்தாலும் செய்வோமா தெரியாது.

சார் மற்ற இடங்களைச் சுலபமாக நிரப்பிவிட்டாராம். மூன்றாவது ஆளுக்குத்தான் திண்டாடினார். வாட்ச்மேனை வைத்துப் பார்த்தார், அவன் ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லிச் சண்டை போட்டுக் கெடுத்துக்கொண்டான். பால்காரரை வைத்தார், பால் திரிந்தது. கடைசியில் மாவ்ஷி. "அவளைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது" என்று திருப்தியாகப் பாமாவிடம் சொன்னார்.

இரண்டாவது யார், நாலாவது யார் என்று சொல்ல மாட்டார். அதை வெளியே சொல்லக் கூடாதாம். நாலாவது இடத்தில் மாதவைத்தான் வைத்திருக்கிறார் என்று பாமா தானாகவே முடிவுகட்டிக்கொண்டு, நாலாவது மணி அடிக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். எனக்கென்னவோ அது நானாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். மாடியில் மிளகாய் வற்றல் காயப்போடுகிற விஷயத்தில் எங்களுக்குள் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு.

புத்த பூர்ணிமா வந்தது. மையத்தில் கீர் கொடுப்பார்கள், வா என்று சார் பாமாவைக் கூப்பிட்டார். பாயசம் என்றால் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். கீழ் ஹாலில் வரிசை. பெரிய தவலையிலிருந்து வெள்ளைப் புடவை அம்மாள் ஒருவர் கரண்டியால் கீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. மோவாயில் மச்சம்.

பாமா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

சார் முன்னால் போய், வாயெல்லாம் சிரிப்பாக, இவள் என் மனைவி என்று ஹிந்தியில் சொன்னார். பிறகு பாமா பக்கம் திரும்பி, "இவதான் மாவ்ஷி. சொன்னேனே" என்றார். சம்பந்தியைச் சம்பந்திக்கு அறிமுகம் செய்துவைத்த பெருமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு, அதுவும் தனக்கே தெரியாமல். லீலா மாவ்ஷி முன்பின் பார்க்காதவரைப் போலக் கைகூப்பினார். பாமாவின் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினார். அப்புறம் இன்னொரு கரண்டி ஊற்றினார். கிண்ணம் வழிந்து பாமாவின் வளையலில் கீர் ஒழுகியது.

சார் மாடிக்குப் போனதும் செருப்பு விடுகிற இடத்தில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். நான் காவல் நின்றேன், காதை மட்டும் அந்தப் பக்கம் விட்டுவிட்டு. மாவ்ஷிக்கு முதல் நாளே தெரியுமாம். மருமகனின் மூக்கும் நெற்றியும் அப்படியே நடந்து வருவதைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாராம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம், இந்தப் பூர்ணிமாவன்றே சொல்லிவிடுவதாக இருந்தாராம். பாமா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கெஞ்சினாள். என் வீட்டுக்காரர் தினமும் உங்கள் முகத்தை நினைத்து, இவள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிறார், அது தெரியுமா என்று கேட்டாள். மாவ்ஷி சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்துவிட்டு, அதனால்தான் முழங்கால் வலி குறைந்திருக்கிறது போல என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, உண்மையை ரொம்ப நாள் மூடிவைக்கக் கூடாது, அது எங்கள் சீலத்துக்கு ஆகாது என்றார். கொஞ்ச நாள், கொஞ்ச நாள் மட்டும் என்றாள் பாமா. சரி, உட்காரட்டும், நன்றாக உட்காருகிறார் என்று மாவ்ஷி விட்டுவிட்டார்.

ஆட்டோவில் நான் பாமாவைப் பிடித்துக்கொண்டேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் உனக்கு எப்போது வரும், இன்றைக்கே உடைத்துவிட வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னா அவர் ஆளை மாத்திண்டுடுவார், ஈனிட்" என்றாள் பாமா. "இப்போ அவளைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் நல்லா இருக்கட்டும்னு நினைக்க முடியறது. தெரிஞ்சா நாலாவது இடத்துக்குத் தள்ளிடுவார். கொஞ்சம் ஊறட்டும். மனசு கனிஞ்சதும் அவரே கேப்பார். மாதவ் இந்த வாசல் வழியா ஆத்துக்குள்ள ஒரு தடவை வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஊறுகாய்க்கு மாங்காய் போட்ட மாதிரி பேசினாள். ஜோசப்ராஜிடம் மட்டும் சொன்னேன். "உனக்கு இதுல என்ன சோலி? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். இருந்தேன். அந்த வருஷம் நான் இருந்த அளவுக்கு எந்தப் பிக்குவும் மௌனம் இருந்திருக்க மாட்டார்.

பாமா சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. சார் மாறித்தான் வந்தார். மாவ்ஷிக்கு இன்றைக்கு இருமல் என்பார். மாவ்ஷி படியேறக் கஷ்டப்படுகிறாள், மெத்தையை இனிமேல் நானே போட்டுவிடுகிறேன் என்பார். மாம்பழ சீசனில் ஒரு பெட்டி வாங்கி, பாதியை அந்த அம்மாளுக்கு என்று எடுத்துப்போனார். அந்தப் பழத்தை மாதவ்தான் சாப்பிட்டான் என்று மறுநாள் என் சமையலறையில் செய்தி வந்தது. பாமா அன்றைக்கு எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

மழைக்காலத்தில் மாவ்ஷி மையத்துக்கு வருவது நின்றது. மஞ்சள் காமாலை என்றார்கள் முதலில். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அது வெறும் காமாலை இல்லை என்று தெரிந்தது. மாதவும் சுஷ்மாவும் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்கள்.

ஒரு காலை, ஐந்தாவது மணி அடித்து முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் சார் குரல் கேட்டது. "பாமா, மாவ்ஷி ஆஸ்பத்திரியில இருக்காளாம். மூணாவதுல அவ முகமே சரியா வரலை இன்னிக்கு. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா? நீயும் வாயேன்."

என் தோசை கருகியது. இதற்காகத்தானே இவள் தவம் கிடந்தாள் என்று நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாமா வேண்டாம் என்றாள். லேடீஸ் வார்டு, இன்ஃபெக்ஷன், உங்களுக்குப் பிரஷர், இந்த மழையில் எங்கே போவது, வீட்டுக்கு வந்ததும் சாவகாசமாகப் போய்ப் பார்க்கலாம் என்று அடுக்கினாள். சார் சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் கருவேப்பிலைக்கு வந்தவளைப் பிடித்துக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"அங்க மாதவ் இருப்பானே. ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல நின்னுண்டு ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிண்டா, அப்புறம் ஜன்மத்துக்கும் ஒட்டாது. அவ தேறி ஆத்துக்கு வரட்டும். நானே அழைச்சுண்டு போறேன்."

மாவ்ஷி தேறவில்லை. போன் என் நம்பருக்குத்தான் வந்தது. மாதவ், "ஆன்ட்டி, அம்மாட்ட சொல்லிடுங்க" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழும் வரவில்லை, வேறு எந்தப் பாஷையும் வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு துக்கம் என்று சாரிடம் சொல்லிவிட்டு நானும் பாமாவும் ஆட்டோ பிடித்தோம். மாதவின் ஃப்ளாட்டுக்குள் பாமா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைத்தாள். முன்னறையில் மாவ்ஷியின் படம், வெள்ளைப் பூமாலை, மெழுகுவர்த்தி. அதற்கு மேல் புத்தர், பக்கத்தில் பாபாசாகேப். தகனம் முடிந்திருந்தது. மாதவ் தாடி வளர்ந்து, இளைத்துப்போயிருந்தான். பாமா அவன் முகத்தைத் தொடவில்லை, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று. சுஷ்மா வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நான் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வராந்தாவில் நிறையச் செருப்புச் சத்தம் கேட்டது. தியான மையத்து ஆட்கள் துக்கம் கேட்க வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். முதலில் சுப்ரமணியன் வந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் குர்தாவில், கையில் தாமரை மொட்டுக் கட்டோடு பட்டாபிராமன் சார்.

இதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. மூன்றாவது ஆள் செத்தால் அவர் வருவார் என்று.

சார் முதலில் படத்தைத்தான் பார்த்தார். குனிந்து பூவை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். நிமிர்ந்தபோது எதிரே மாதவ். அப்புறம் கீழே பாமா. அப்புறம் நான். என்னைப் பார்த்த பிறகுதான் இது கனவில்லை என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நீ எங்கடா இங்க?" என்றார்.

"இது என் வீடுப்பா. இவங்க சுஷ்மாவோட அம்மா."

அதற்குள் மையத்து ஆள் ஒருவர் வந்தனையைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாரும் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். புத்தம் சரணம் கச்சாமி என்று கூட்டம் சொன்னது. அவருக்கு அதற்கு மேல் வார்த்தை தெரியவில்லை. இத்தனை நாளும் பக்கவாட்டுப் படி ஏறிப் போனவர்தானே. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி பக்கத்து ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து எல்லோரும் எழுந்தபோது சார் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். மாதவ் பின்னாலேயே போனான்.

"யாருக்காக வந்தேள்ப்பா?"

"மாவ்ஷிக்காக."

"அவங்க யாருன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேளா?"

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் எழும்பியது. எங்கள் பக்கத்தில் பேச்சு நடுவில் இப்படி நிற்பது சகஜம். சத்தம் அடங்குகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அவ்வளவு அவகாசம் இருந்தது சாருக்கு. வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை தயார் செய்துகொண்டிருக்கலாம். பாமா எழுந்து நின்று அவர் வாயையே பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்பதும் மையத்து மாடியில் சொல்லிக்கொடுத்ததுதான். விமானம் போனதும், "தெரியலைடா" என்றார்.

மாதவ் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சப்புறம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சுஷ்மாதான் சாருடைய செருப்பைக் கண்டுபிடித்து அவர் காலருகே வைத்தாள். அம்மா உங்களைப் பற்றித் தினமும் பேசுவார், அசையாமல் உட்காருவீர்கள் என்பார், கடைசி வாரம்கூட நீங்கள் பார்க்க வருவீர்களா என்று கேட்டார் என்று ஹிந்தியில் சொன்னாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. வெறும் தகவல் மாதிரிதான் சொன்னாள். எனக்குப் பாமாவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோவில். நடுவில் நான். என் வாழ்நாளில் வாயைத் திறக்காமல் அத்தனை தூரம் போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனேன். தோசைக்கல் போடவில்லை. சும்மாதான் நின்றேன். ஜோசப்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சார் கேட்டார். எவ்வளவு நாளாகத் தெரியும், ஏன் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றபோதுகூட ஏன் தடுத்தாய்.

"சொல்லியிருந்தா நீங்க ஆளை மாத்தியிருப்பேள்" என்றாள் பாமா. "மாட்டேன்னு சொல்லுங்கோ பார்ப்போம்."

அவர் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் உண்மை பேசினார், வாயைத் திறக்காமலே.

பாமா மூக்கை உறிஞ்சினாள். "போய்ட்டா. நான்தான் கனியட்டும் கனியட்டும்னு பொத்தி வெச்சேன். அந்தப் பாவம் என்னோடது, நான் பட்டுக்கறேன். மாதவையாவது அந்த நாலாவது இடத்துலேந்து எடுங்கோளேன். சொந்தப் பிள்ளையை ஆகாதவன்னு தினம் நினைச்சுண்டு என்ன தியானம் வேண்டிக்கிடக்கு?"

"அவன் நாலாவது இல்லை."

"பின்னே?"

"ரெண்டாவது" என்றார் சார். "மொதல் நாள்லேந்து ரெண்டாவதுதான்."

இரண்டாவது இடம், பிரியமானவருக்கு. நான் விரலை மடக்கிச் சரிபார்த்துக்கொண்டேன். பாமா அழுவாள், இரண்டு பேரும் அழுவார்கள், நாளைக்கு மாதவுக்குப் போன் போகும், எல்லாம் ஒருமாதிரி சரியாகிவிடும் என்று எண்ணினேன். பாமாவின் குரல் வந்தபோது அதில் அழுகை இல்லை.

"தினம் கார்த்தால அவன் முகத்தை நீங்க பார்த்துண்டேள். நான் பார்க்கப்படாதுன்னுட்டு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

பாமா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் வீட்டுக்குப் போகிறாள். சாரிடம் கேட்டுக்கொண்டு போவதில்லை. போகக் கூடாது என்று சொல்ல அவருக்கும் வாய் இல்லை. அவரும் அதே ஞாயிற்றுக்கிழமை மையத்துக்குப் போகிறார். ஒரே பேட்டை, ஒரே நேரம், ஆனால் அவர் ஸ்கூட்டரில், அவள் ஆட்டோவில். மாதவ் இன்னும் இந்த வாசலுக்கு வரவில்லை. சாருக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. நம்பர் பிளாக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது, போன்தான் போகவில்லை. ஒரு நாள் ஸ்கூட்டரில் மாதவின் கட்டிடம் வரைக்கும் போய்விட்டு, கேட்டிலிருந்தே திரும்பிவிட்டார் என்று சுஷ்மா பால்கனியிலிருந்து பார்த்துச் சொன்னாள். என் வீட்டுக் கருவேப்பிலைக்கு இப்போது கேட்பாரில்லை.

சுப்ரமணியன் மூலமாக எனக்கு வந்த செய்தி ஒன்று. சார் மையத்து ஆசிரியரிடம் போய், மூன்றாவது இடத்தில் மாவ்ஷியையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இறந்தவரை வைத்து இந்தத் தியானம் செய்யக் கூடாது, உயிரோடு இருக்கிற ஒருவரைத் தேடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். தேடுகிறேன் என்று வந்துவிட்டார். ஒருவரும் அமையவில்லையாம்.

போன வாரம் லிஃப்ட்டில் நானும் அவரும் மட்டும். எனக்கு அடக்க முடியவில்லை. நாலாவது யார் சார் என்று கேட்டுவிட்டேன். நம்பர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாடி கழிந்தது.

"நீங்கதான் மேடம்" என்றார். "மன்னிச்சுக்கணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை நாளும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு நான் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஜோசப்ராஜ்கூட அப்படி நினைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

மணி இன்னமும் அடிக்கிறது. சுப்ரபாதம் முடிந்ததும் முதல் மணி, அது தனக்கு. பாமா அந்த நேரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள், சத்தம் லேசாகக் கேட்கும். அப்புறம் இரண்டாவது மணி. அது அடங்குவதற்குள் பாமா மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள். சட்னிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் ஓடவிடுகிறாள். அந்தச் சத்தத்தில் மூன்றாவது மணி அடிக்கிறதா என்று தெரிவதில்லை. எனக்கான மணியும் கேட்பதில்லை.